மண்டிக்கு வந்த காக்கிச் சட்டை

தம்பிக்கு,

இன்று காலையில் பேத்திக்கு ஊசி போட்டுக்கொண்டு வந்தார்கள். மருமகள் அவளை என் மடியில் போட்டுவிட்டுப் பால் காய்ச்ச உள்ளே போனாள். குழந்தையின் தொடையில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்தேன். ஸ்பிரிட் வாசனை குப்பென்று மூக்கில் ஏறியது. குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தது. உன்மேல் இருந்த கோபம் இத்தனை வருஷத்தில் ஆறிப்போயிருக்கும் என்று நினைத்திருந்தேன். ஆறவில்லை. நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. செத்தவர்களைக் கோபிக்கக் கூடாது என்பார்கள். நான் கோபிக்கிறேன். கூடப் பிறந்தவளுக்கு அந்த உரிமை உண்டு.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன், பிழை இருந்தால் இருக்கட்டும். திருவெள்ளறையில் அப்பாவுக்கு இருந்த நிலத்தை வைத்து இரண்டு பேரைப் படிக்க வைக்க முடியாது. நீ படித்தாய். நான் களை எடுத்தேன். அதை ஒரு குறையாக என்றைக்கும் நான் சொன்னதில்லை, இப்போதும் சொல்லவில்லை. பொன்மலை ரயில் பட்டறையில் உனக்கு வேலை கிடைத்தபோது ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் ஒரு வீடு விடாமல் கல்கண்டு கொடுத்தவள் நான். என் தம்பி எஞ்சினியர் என்று சொல்லிக்கொண்டே கொடுத்தேன். "எஞ்சினியர் இல்லக்கா, டிப்ளமாதான்" என்று நீ திருத்தினாய். நான் திருத்திக்கொள்ளவில்லை.

"பட்டறையில உனக்கு என்னடா வேலை?" என்று கேட்டேன் ஒருநாள்.

"இன்ஜினை ரிப்பேர் பண்றது மத்தவங்க வேலைக்கா. ரிப்பேருக்கு வந்த இன்ஜின் எந்த எடத்துல எவ்வளவு நேரம் சும்மா நிக்குதுன்னு பாக்குறதும், அது நிக்காம அடுத்த எடத்துக்குப் போக வழி பண்றதும் என் வேலை."

"சும்மா நிக்கிறதைப் பாத்துக்கிட்டு நிக்கிறதுக்கு ஒரு சம்பளமா? எனக்கும் ஒரு வேலை வாங்கிக் குடேன், உன் மாமா சும்மா உக்காந்திருக்கிறதைப் பாத்துக்கிட்டே இருக்கேன்."

உன் மாமா ஊஞ்சலில் இருந்தபடியே சிரித்தார். நீயும் சிரித்தாய். ஆனால் அன்றைக்கே என் சமையலறையில் நுழைந்து தண்ணீர்க் குடத்தை மூலையிலிருந்து எடுத்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாய். "வீணா நடக்காதக்கா. கையை நீட்டினா தண்ணி." நடை குறைந்தது வாஸ்தவம். குடத்துக்குள் கரித்தூளும் புகையும் விழுந்ததும் வாஸ்தவம். நீ போனபிறகு குடத்தை மூலைக்கே நகர்த்தினேன். நீ என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அன்றைக்கு அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. குடம்தானே.

அதற்கப்புறம்தான் உன் மாமாவுக்கு இருமல் வந்தது. காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டியில் எடை போடுகிறவருக்குத் தூசி இருமல் வராமல் இருக்குமா என்று கஷாயம் வைத்துக் கொடுத்தேன். ஒருநாள் துண்டில் ரத்தம் பார்த்தேன். கோட்டைப் பக்கத்தில் அந்தத் தர்ம ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெயர் எதற்கு, உனக்குத் தெரியும். டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்துவிட்டு டி.பி. என்றார்கள். பயப்பட வேண்டாம், இப்போது மருந்து வந்துவிட்டது, ஆனால் ஒரு வருஷம் விடாமல் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், நடுவில் நிறுத்தினால் மறுபடி மருந்து கேட்காது என்றார்கள்.

அந்தப் பெயரை வீட்டுக்கு வெளியே சொல்ல முடியுமா? வெங்காயம் எல்லார் வீட்டு அடுப்புக்கும் போகிற சரக்கு. எடை போடுகிறவனுக்கு டி.பி. என்று தெரிந்தால் மண்டியில் ஒரு நாள் வைத்திருக்க மாட்டார்கள். எங்கள் மகளுக்கு மணச்சநல்லூரிலிருந்து வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். மகன் அப்போது சின்னப் பையன். அதனால் வயிற்றுப்புண் என்று சொல்லி வைத்தோம். மண்டியிலும் அதுதான், தெருவிலும் அதுதான். நிஜம் தெரிந்தவர்கள் அவர், நான், நீ, ஆஸ்பத்திரி.

ஆனால் ஊசிக்குப் போவது என்பது ஒரு முழுப் பகலை இழப்பது. சீட்டு வாங்க ஒரு வரிசை. சீட்டைக் காட்டி டாக்டரைப் பார்க்க ஒரு வரிசை. ஊசிக்கு ஒரு வரிசை, மாத்திரைக்கு ஒரு வரிசை. புதிதாக வந்தவனும் ஆறு மாதமாக வருகிறவனும் ஒரே வரிசையில்தான் நிற்க வேண்டும். மண்டியில் வேலையே விடியற்காலையிலிருந்து பத்து, பதினொரு மணி வரைக்கும்தான். ஆஸ்பத்திரி வரிசையும் அதே நேரம்தான். வயிற்றுப்புண்காரன் இத்தனை நாள் மட்டம் போடுவானா என்று முதலாளி முணுமுணுக்க ஆரம்பித்தார். உன் மாமா ஊசியை விட ஆரம்பித்தார். நான் பயந்துபோய் உன்னிடம் வந்தேன். இதை மறுக்க மாட்டேன்: உன்னைக் கூப்பிட்டது நான்தான். என் தம்பிக்குத் தெரியாத வழியா என்ற பெருமையில் கூப்பிட்டேன்.

நீ லீவு போட்டுவிட்டு எங்களோடு வந்தாய். வரிசையில் நிற்கவில்லை. ஒரு தூணில் சாய்ந்துகொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாய். கம்பவுண்டருக்குப் பொறுக்கவில்லை.

"யாருங்க நீங்க? காலையில இருந்து தூணுக்கு முட்டுக் குடுத்துக்கிட்டு. இன்ஸ்பெக்டரா?"

"இல்லீங்க, பொன்மலைப் பட்டறையில இருந்து வரேன்."

"பட்டறைக்காரருக்கு இங்க என்ன வேலை? கட்டில் ஏதாச்சும் ஒடஞ்சு போச்சா?"

"கட்டில் நல்லாத்தான் இருக்குங்க. ஆளுங்கதான் நின்னு நின்னு ஒடஞ்சு போறாங்க."

வரிசையே சிரித்தது. கம்பவுண்டருக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் உள்ளே இருந்த டாக்டரம்மா அதைக் கேட்டுவிட்டுத் தலையை நீட்டி, "இங்க வாங்க, என்ன சொல்றீங்க, உக்காந்து சொல்லுங்க" என்றார்கள். நல்ல மனுஷி. மூன்று ஞாயிற்றுக்கிழமை நீ அங்கே போய் உட்கார்ந்து படம் போட்டுக் காட்டினாய். நாலு வரிசையில் நிற்கிறவன் ஒரே ஆள்தான், அவனை ஏன் நாலு தடவை நிறுத்த வேண்டும் என்றாய். பழைய நோயாளிக்கு ஊசி போட டாக்டர் எதற்கு, மாதம் ஒருமுறை பார்த்தால் போதாதா என்றாய். மார்க்கெட் முடிகிற நேரத்துக்குப் பக்கத்து வாசலைத் திறந்து, ஊசியையும் மாத்திரையையும் ஒரே மேஜையில் கொடுக்கச் சொன்னாய். டாக்டரம்மா கேட்டுக்கொண்டார்கள்.

அதோடு உன் பட்டறை வழக்கம் ஒன்றையும் கொண்டுவந்து அங்கே மாட்டினாய். பட்டறையில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் நம்பர் அடித்த ஒரு பித்தளை டோக்கன் உண்டு. உள்ளே வந்ததும் பலகையில் அவன் கொக்கியில் அதை மாட்ட வேண்டும். கொக்கி காலியாக இருந்தால் ஆள் வரவில்லை என்று தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். அதேபோல ஊசிக்காரர்களுக்குத் தகரத்தில் டோக்கன் வெட்டிக் கொடுத்தாய். ஊசி போட்டுக்கொண்டதும் மாட்ட வேண்டும். சாயந்திரம் எந்தக் கொக்கி காலியோ, அந்த ஆள் ஊசியைத் தப்பவிட்டான் என்று அர்த்தம். யார் வரவில்லை என்று அதுவரைக்கும் அந்த ஆஸ்பத்திரியில் யாருக்குமே தெரிந்ததில்லை. வந்தவனைப் பார்ப்பார்கள், வராதவனை யார் பார்த்தார்கள்? நீ பார்க்க வைத்தாய். அந்தப் பெருமையை உன்னிடமிருந்து நான் பிடுங்க மாட்டேன்.

உன் மாமாவுக்கு உடம்பு தேறியது. மண்டி முடிந்து சைக்கிளில் போவார், ஊசி போட்டுக்கொண்டு உச்சி வெயிலுக்கு முன் காவிரிப் பாலம் தாண்டிவிடுவார். "ஒரு வெத்தலை போட்டு முடிக்கிறதுக்குள்ள வேலை முடிஞ்சிடுது. உன் தம்பி என்னையும் ஒரு ரயில் பெட்டி ஆக்கிட்டான், தள்ளிவிட்டா நேரா போய்ச் சேந்துடறேன்" என்று கேலி செய்வார். கன்னத்தில் சதை வைத்தது. சட்டை தோளில் சரியாக உட்கார்ந்தது. நான் ரங்கநாதருக்கு வேண்டிக்கொண்டதைவிட உன்னைத்தான் அதிகம் நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் சாயந்திரம் எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாய். வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாய்.

"கொக்கி காலியா இருக்குன்னு தெரிஞ்சு என்னக்கா பிரயோஜனம்? இனிமே மறுநாளே ஆளை அனுப்பிக் கூட்டிட்டு வந்துடப் போறோம். ஆஸ்பத்திரி சிப்பந்தி ஒருத்தருக்குச் சைக்கிள் குடுத்தாச்சு."

"நல்லதுடா" என்றேன்.

அந்த ஆள் எங்கே போவார் என்று நீ சொல்லவில்லை. வீட்டுக்குத்தான் வருவார் என்று யாராயிருந்தாலும் நினைப்போம். மோர் ஊற்றச் சொல்லி இரண்டாம் முறை கேட்டாய், கைகழுவினாய், போய்விட்டாய்.

பெரம்பலூர் பக்கத்திலிருந்து வெங்காய லாரிகள் வரிசையாக வந்து இறங்கிய வாரம் அது. மத்தியானம் வரைக்கும் தராசை விட்டு நகர முடியாது. உன் மாமா இரண்டு ஊசி தப்பவிட்டார். வெள்ளிக்கிழமை போய்விடுகிறேன் என்று என்னிடம் சொல்லியிருந்தார்.

வியாழக்கிழமை காலை, மண்டியில் கூட்டம் நெரிகிற நேரத்தில், காக்கிச் சட்டை, காக்கி நிக்கர், சட்டைப் பையில் ஆஸ்பத்திரிப் பெயர் சிவப்பு நூலில் தைத்தது, அப்படி ஒரு ஆள் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். கெட்டவர் இல்லை. சொன்ன வேலையைச் செய்ய வந்தவர். இரைச்சலில் கேட்க வேண்டுமே என்று சத்தமாகக் கேட்டார்.

"இங்க எடை போடுறவரு, ஸ்ரீரங்கத்துக்காரரு, யாருங்க?"

"நான்தான்" என்றிருக்கிறார் உன் மாமா, தராசிலிருந்து தலையைத் தூக்காமலே.

"டி.பி. ஊசிக்கு ரெண்டு தடவையா வரலியேங்க நீங்க. டாக்டரம்மா கையோட கூட்டியாரச் சொன்னாங்க. வாங்க, சைக்கிள்லயே போயிடலாம்."

தராசுத் தட்டு ஆடிக்கொண்டிருந்ததாம், மற்றது எல்லாம் நின்றுவிட்டதாம். பக்கத்தில் மூட்டை பிடித்துக்கொண்டிருந்தவன் கையை எடுத்துவிட்டு வேட்டியில் துடைத்துக்கொண்டானாம். இதை அவர் எனக்குச் சொன்னது அன்று சாயந்திரம், சட்டையைக்கூடக் கழற்றாமல் நடையில் உட்கார்ந்துகொண்டு.

"முதலாளி என்ன சொன்னாரு?"

"அவரு மரியாதையாத்தான் சொன்னாரு. 'நாலு வீட்டு அடுப்புக்குப் போற சரக்குப்பா, நீயே யோசிச்சுப் பாரு. உடம்பு தேறட்டும், அப்புறம் வா'ன்னாரு. டீக்கடையில எனக்குன்னு ஒரு கிளாஸைத் தனியா எடுத்து வச்சுட்டான். மத்தியானத்துக்குள்ள வச்சுட்டான்."

மறுநாள் முதலாளி ஒரு மூட்டை வெங்காயம் வீட்டுக்கு அனுப்பினார். இரக்கம். அந்த மூட்டையை வாசலை விட்டு உள்ளே எடுக்கவில்லை நான். அது அங்கேயே முளைவிட்டு அழுகி நாறியது. எதிர்வீட்டுக்காரி தினமும் உறை மோருக்கு வருவாள், நிறுத்திவிட்டாள். மணச்சநல்லூர்க்காரர்கள் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லியனுப்பினார்கள், பொருந்துகிறது என்று அவர்களே தாம்பூலம் மாற்றத் தேதி பார்த்த பிறகு.

நீ ஓடிவந்தாய். முகம் வெளுத்துத்தான் வந்தாய், இல்லை என்று சொல்லவில்லை.

"மண்டிக்கு ஏண்டா ஆளை அனுப்புனே?" என்றேன்.

"வீட்டுக்கு அனுப்பினா அந்த நேரத்துல மாமா இருக்க மாட்டாரேக்கா. சிப்பந்தி ரெண்டு தடவை நடக்கணும். ஆள் எந்த நேரத்துல எங்க இருப்பாரோ அந்த எடத்தைத்தான் எழுதிக் குடுத்தேன். எல்லாருக்கும் அப்படித்தான்..."

"சிப்பந்திக்கு ஒரு நடை மிச்சம். அதானே?"

பட்டறையில் ஒரு தொழிலாளி அவன் இடத்தில் இல்லையென்றால் காக்கி போட்ட பியூன் போய்க் கூப்பிடுவான். அதில் யாருக்கும் எதுவும் போவதில்லை. அந்த வழக்கத்தை அப்படியே தூக்கிக்கொண்டுவந்து வெங்காய மண்டியில் இறக்கிவிட்டாய். வயிற்றுப்புண் என்று நாங்கள் சொல்லிவைத்தது உனக்குத் தெரியும். தெரிந்த விஷயம் உன் படத்தில் இல்லை. அவ்வளவுதான்.

"மாமா, நீங்க ஊசியை மட்டும் விட்டுடாதீங்க. இப்ப விட்டா மருந்து அப்புறம் கேக்காது. பக்கத்து வாசல் வேணாம், நான் டாக்டரம்மாகிட்ட சொல்லி வேற நேரம் வாங்கித் தரேன். இல்லேன்னா தஞ்சாவூர் போயிடலாம்" என்று கெஞ்சினாய்.

உன் மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "வண்டி எங்க நின்னாலும் போய் இழுத்துக்கிட்டு வந்துடலாம் மச்சான். அதுக்கு மானம் கிடையாது."

அந்த வாசலில் அவர் மறுபடி கால் வைக்கவில்லை. நான் அழுதேன், திட்டினேன், பட்டினி கிடந்தேன். மகளை விட்டுக் கேட்கச் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார். டாக்டரம்மா எங்கள் வீட்டுக்கே ஆள் அனுப்பி ஊசி போடச் சொல்கிறேன் என்றார்கள். இன்னொரு காக்கிச் சட்டையா என்று அவர் கதவைச் சாத்தச் சொன்னார். உன்னிடம் மட்டும் அவர் கடைசிவரை ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. அதுவும் உன் அதிர்ஷ்டம்.

மறு வருஷம் ஆடிப்பெருக்கு அன்றைக்குப் போனார். அம்மா மண்டபத்துக்குப் போகிற கூட்டம் வாசலில் சிரித்துப் பேசிக்கொண்டு போகிறது, காதோலை கருகமணி விற்கிறவன் கத்திக்கொண்டு போகிறான், உள்ளே மூச்சு நிற்கிறது. ஊர்ப் பெண்களெல்லாம் புதுத் தாலிச்சரடு கட்டிக்கொள்கிற நாள் அது. எனக்கு அது என்ன நாளாயிற்று என்று நான் எழுத வேண்டியதில்லை. நீதான் கொள்ளிடக் கரை வரைக்கும் தோள் கொடுத்தாய்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து வந்தாய். எதிரில் உட்கார்ந்தாய். நீ என்ன சொல்லப்போகிறாய் என்று காத்திருந்தேன். அக்கா, என் தப்பு என்று ஒரு வார்த்தை சொல்வாய் என்று காத்திருந்தேன்.

"நம்ம ஏற்பாட்டுல ஒரு ஓட்டை இருந்திருக்குக்கா. இப்ப அதை அடைச்சுட்டேன்" என்றாய்.

என் காதில் விழுந்தது சரிதானா என்று உன் முகத்தைப் பார்த்தேன். நீ மளமளவென்று சொல்லிக்கொண்டே போனாய். சிப்பந்தி இனிமேல் காக்கி போட்டுக்கொண்டு போக மாட்டார். முதல் நாளே ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, ஆள் எங்கே வரவேண்டும், யார் என்று சொல்லிக்கொண்டு வரவேண்டும் என்று கேட்டுவிடுவார்கள். இப்போது முக்கால்வாசிப் பேருக்கு மேல் விடாமல் வருகிறார்கள், மற்ற ஊர் ஆஸ்பத்திரிக்காரர்களும் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

"அந்த ஓட்டைக்கு ஒரு பேரு உண்டுடா" என்றேன். "அந்த ஓட்டை இந்த ஊஞ்சல்லதான் உக்காந்திருந்துச்சு. உன்னை மச்சான்னு கூப்பிட்டுச்சு."

தலையைக் குனிந்துகொண்டாய். கண் கலங்கினாயா என்று நான் பார்க்கவில்லை. காபி போட எழுந்திருக்கவில்லை. நீ வாசல்படி இறங்கும்போது போயிட்டு வரேன்க்கா என்றாய். வா என்று நான் சொல்லவில்லை.

அதற்கப்புறம் நீ வந்துகொண்டுதான் இருந்தாய். பொங்கலுக்குச் சீர் வைத்தாய். மகள் கல்யாணத்தில் தாய்மாமன் முறையை ஒரு குறை இல்லாமல் செய்தாய். நான் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். ஊருக்கு முன்னால் உன்னை விட்டுக்கொடுத்ததில்லை. உன் ஏற்பாட்டைப் பற்றிப் பேச உன்னை மெட்ராஸுக்குக் கூப்பிட்டார்கள் என்றால் அதையும் தெருவில் சொன்னேன். ஆனால் நம் இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சு என்று ஒன்று இருந்ததே, குடத்தை எங்கே வைப்பது என்று சண்டை போட்டுக்கொள்வோமே, அது முடிந்துபோனது. நீயும் அதைத் திறக்கவில்லை. திறக்கத் தெரியாமல்தான் இருந்தாய் என்று இப்போது தோன்றுகிறது. தோன்றி என்ன.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்குப் பொன்மலைக்கு வந்திருந்தேன். பந்தியில் யாரோ ஒரு பெரியவர் தனியாக உட்கார்ந்திருந்தார். உறையூரில் தறி நெய்கிறவர் என்றார். உனக்கு உறவா என்றேன்.

"உறவெல்லாம் இல்லீங்கம்மா. அந்த ஆஸ்பத்திரியில ஊசி போட்டுக்கிட்டவன். மொதல் நாளே கதவைச் சாத்திட்டுக் கேட்டாங்க, ஆளு எங்க வரணும், யாருன்னு சொல்லிக்கணும்னு. நூல் யாவாரின்னு சொல்லிக்கிட்டு வீட்டுக்கு வரச் சொன்னேன். நான் ஊசிக்குப் போகாத மறுநாளு ஒரு மனுஷன் வேட்டி கட்டிக்கிட்டு, கையில நூல்கண்டு வேற வச்சுக்கிட்டு வந்து நிக்கிறாரு. என் பொண்டாட்டி அவருகிட்ட வெலை கேட்டுப் பேரம் பேசுறா!" சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. "இன்னிவரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. ரெண்டு பொண்ணைக் கட்டிக் குடுத்துட்டேன். அப்படி ஒரு கேள்வி கேக்கணும்னு ஒரு மனுஷனுக்குத் தோணுது பாருங்க. உங்களுக்கு அவரு என்ன வேணும்?"

"தம்பி" என்றேன்.

"தெய்வம்மா அவரு."

அது எப்படித் தோன்றியது என்று சொல்ல எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. அந்த மனுஷன் கையில் சோற்றுக் கவளம் இருந்தது. சாப்பிடுகிறவனிடம் சொல்கிற விஷயமா? "ஆமாங்க, கெட்டிக்காரன்" என்றேன். பாயசம் இன்னொரு கரண்டி ஊற்றினேன். அவர் உயிரோடு இருப்பதில் எனக்கு வருத்தம் இல்லை, தம்பி. அவரைப்போல எத்தனை பேர் இருந்தாலும் சந்தோஷம்தான். ஆனால் உன்னைத் தெய்வம் என்று அவர் சொன்னதையே நினைத்துக்கொண்டு ஊற்றியதில் பாயசம் இலைக்கு வெளியே கொஞ்சம் சிந்தியது.

அந்தக் கேள்வியை நீ எத்தனையோ பேரிடம் கேட்க வைத்தாய். முன்பின் தெரியாதவர்களைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்க வைத்தாய். என் வீட்டில் கதவைச் சாத்த வேண்டிய அவசியமே இல்லை. நாம் மூன்று பேர்தான் இருந்தோம். மோருக்குக் கையை நீட்டினாயே, அப்போது கேட்டிருந்தால் போதும். யோசிக்கக்கூட நேரம் எடுத்திருக்க மாட்டேன். சாயந்திரமாக வீட்டுக்கு வரச் சொல்லுடா, திருவெள்ளறையிலிருந்து சித்தப்பா மகன் வந்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு வரட்டும், ஒரு முழம் பூவும் கையில் வாங்கிக்கொண்டு வரட்டும், ஒருத்தருக்கும் சந்தேகம் வராது என்று சொல்லியிருப்பேன். அந்தப் பதில் இன்னும் என்னிடமேதான் இருக்கிறது. இத்தனை வருஷமாகச் சொல்ல ஆள் இல்லாமல் வைத்திருக்கிறேன்.